22 நிமிடத்தில் வாங்கிய வீடும் வெள்ளவத்தையில் நாங்கள் தேடிய வீடும்

சென்ற வாரம் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைத் தொடரின் பழைய பாகம் போனது. புதிதாகத் திருமணமான இருவர் தங்கள் முதலாவது வீட்டை வாங்குகிறார்கள். கணவனுக்கு யன்னல் பிடித்துவிடுகிறது, மனைவிக்குச் சமையலறை பிடிக்கவில்லை. சண்டை, சமாதானம், கையெழுத்து, பெட்டிகளுக்கு நடுவே வெறுந்தரையில் சாப்பாடு என்று எல்லாம் விளம்பரம் நீங்கலாக 22 நிமிடங்களில் முடிந்துவிட்டன. என் மனைவி கடைசிவரை பார்த்துவிட்டு, “உறுதியை ஆரும் வாசிச்சவையோ?” என்று மட்டும் கேட்டார். வீட்டின் உரிமைப் பத்திரத்தைத்தான் சொன்னார். எங்களுக்கு அதே காரியத்துக்கு இரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் பிடித்தன.

நாங்கள் இருவரும் 1995 இடப்பெயர்வுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள்; வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவர்கள். பாமன்கடையில் நாங்கள் கடைசியாக இருந்த வீட்டின் உரிமையாளர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார் என்பதால், சாமிப்படங்களை ஆறு வருடங்கள் மேசையில் சாய்த்தே வைத்திருந்தோம். கோயிலும் மீன்கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், காலி வீதியில் எந்நேரமும் பஸ் கிடைக்க வேண்டும் என்று பார்த்தால், எங்களைப் போன்றவர்களுக்கு வெள்ளவத்தையை விட்டால் வேறிடம் தோன்றுவதில்லை.

2019 டிசம்பரில் தரகர் ஒருவர் கடற்கரைப் பக்கமாக ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டைக் காட்டினார். கதவைத் திறந்ததும் கடல் முழுவதும் யன்னலுக்குள் நின்றது. “தம்பி, இந்தக் காத்துக்கே இருபது லட்சம் குடுக்கலாம்” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே ரயில் வந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். கடைசிப் பெட்டி போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார். அந்த வீட்டை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார் என்பது அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நானோ யன்னல் கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கத் துருப்பொடி.

மனைவி அதற்குள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, முதலில் காற்றும் பிறகு மண்ணிறத் தண்ணீரும் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இஞ்சருங்கோ, கடல் பாக்கப்போறது நீங்கள், தண்ணி பிடிக்கப்போறது நான்” என்றார். திரும்பி வரும்போது லிஃப்டில் ஒரு வயதான அம்மா நின்றார். தண்ணீர் எப்படி என்று கேட்கத் தொடங்கிய மனைவி, நான்கு மாடி இறங்குவதற்குள் பேச்சை உறுதிக்குக் கொண்டுபோய்விட்டார். “பன்னிரண்டு வருசமாய் இருக்கிறம் பிள்ளை. உறுதி இண்டைக்கு வரும், நாளைக்கு வரும் எண்டு சொல்லிக்கொண்டிருக்கினம்” என்று அந்த அம்மா சொன்னபோது, தரகர் லிஃப்டின் பொத்தான்களை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தை அதற்கு முன்னர் நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு கட்டடத்திலுள்ள ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆதனமாகக் கணக்கிடப்பட வேண்டுமானால், எது எந்த வீடு, எது பொதுப் பகுதி என்று காட்டும் அந்தக் கட்டடத்தின் கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். அனுமதி பெற்றபடியே கட்டடம் எழுந்திருக்கிறது என்னும் இணக்கச் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பதிவுக்கே போக முடியாது. நான்கு மாடிக்கு அனுமதி எடுத்து ஐந்தாவதையும் எழுப்பியவர் அந்தச் சான்றிதழுக்கு எங்கே போவார்? வரைபடம் இல்லாத இடத்தில் வாங்குபவருக்குக் கிடைப்பது காணியில் ஒரு பிரிபடாத பங்கும் ஒரு திறப்பும்தான். வங்கி அதை ஈடாக எடுக்காது. நாங்கள் பார்த்த ஒன்பது வீடுகளில் நான்கின் கதை இதுவே. ஆகவே வீட்டைப் பார்க்கும் முன்னரே வரைபடத்தின் பிரதியைக் கேட்பது என்று மனைவி தீர்மானித்தார். அதன் பின்னர் பாதித் தரகர்கள் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை.

2020இல் ஊரடங்கு வந்தது. அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் நான்காம் மாடியில், கடல் தெரியாத, எதிர்வீட்டு உடுப்புக்கொடி மட்டும் தெரிகின்ற ஒரு பழைய வீடு ஒரு கோடியே 80 இலட்சத்துக்குச் சரிவந்தது. மேல் மாகாணத்தில் முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். எங்களுக்கு 719,000 ரூபாய் வந்தது. உறுதியை எழுதும் நொத்தாரிசின் கட்டணம் வேறு. வீட்டு விலையை மட்டும் எண்ணிக் காசு சேர்த்திருந்த நான் அந்தத் தொகைக்காக மாமாவிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் தந்தார், இன்றுவரை அதை மறக்கவும் விடவில்லை.

2022 மார்ச் இறுதியில் குடிபோனோம். மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்கள் அவை. லிஃப்டுக்கு மின்பிறப்பாக்கி இருந்தது, அதற்கு ஊற்ற டீசல் இல்லை. குளிர்சாதனப் பெட்டியை நால்வர் படியால் தூக்கிவந்து, மூன்றாம் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்துவிட்டு, அதில் சாய்ந்தபடி தேநீர் குடித்தார்கள். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நாங்கள் எடுத்திருந்ததோ மாறும் வட்டிக் கடன். தவணைத் தொகையைத் திருத்தி வங்கியிலிருந்து கடிதம் வந்த அன்று மாலை, அதுபற்றிப் பேச மனமில்லாமல் சாமிப்படத்துக்கு ஆணி அடிக்கப் போனேன். கொங்கிறீற்றில் மூன்று ஆணிகள் வளைந்தன. நான்காவதில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

*

மேலே உள்ள வெள்ளவத்தைக் கதையைப் படித்துவிட்டு, தொடர்மாடியில் வீடு வாங்கிய இன்னொருத்தி கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் உறுதியும் வரைபடமும் ஒழுங்காகவே இருந்தன. சிக்கல் வாகனத் தரிப்பிடத்தில். வீட்டைக் காட்டியபோது ஏழாம் இலக்கம் எழுதிய இடத்தைக் காட்டி “இது உங்களுடையது” என்றார்கள். முற்பணம் கொடுத்த மறுநாளே என் கணவர் அங்கே காரைக் கொண்டுபோய் நிறுத்திக் கழுவியும் விட்டார். சட்டத்தரணியான என் ஒன்றுவிட்ட அண்ணா வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, அந்த ஏழாம் இலக்கம் எல்லா வீட்டுக்காரருக்கும் உரிய பொதுப் பகுதி என்றும், எங்கள் உறுதியில் தரிப்பிடம் என்ற சொல்லே இல்லை என்றும் சொன்னார். விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். கார் இப்போது பக்கத்துக் கடைக்காரரின் முற்றத்தில், மாதக் கூலிக்கு நிற்கிறது. சுவரில் இலக்கம் எழுத ஒரு தூரிகை போதும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

*

மேலே எழுதிய இருவரைப் போலன்றி, தெஹிவளையில் நாங்கள் வாங்கிய வீட்டில் கட்டடத்துக்கோ காணிக்கோ ஒரு குறையும் இல்லை. உறுதி யார் பெயரில் என்பதில்தான் ஐந்து வாரங்கள் போயின. முற்பணத்தில் பெரும்பகுதி என் மனைவியின் சீதனக் காசு. ஆகவே அவள் பெயரில்தான் எழுத வேண்டும் என்று மாமி யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் தொலைபேசியில் அழைத்தார். என் அம்மாவோ இரண்டு பெயரும் வர வேண்டும் என்றார். மாமி சொன்னதே நியாயம் என்று எனக்குத் தோன்றியதை அம்மாவிடம் சொல்லும் துணிவு வருவதற்கே அந்த ஐந்து வாரங்களும் பிடித்தன.

கையெழுத்திடும் நாளில் நொத்தாரிசு என் மனைவியைப் பார்த்து, “நீங்கள் தேசவழமைக்கு உட்பட்டவரோ?” என்று கேட்டார். வட மாகாணத் தமிழருக்கான அந்த வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள வீட்டைப் பின்னர் விற்பதானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று அவர் விளக்கினார். மனைவி பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப விக்கிறதெண்டால் உங்களிட்டைக் கேக்கவேணும். கடன் கட்டுறதுக்கு மட்டும் ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை, என்ன?”

நொத்தாரிசு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்திட்டாள்.