சுறா பொம்மையா, கலையா? 'தி லைஃப் அக்வாட்டிக்' பார்த்தவர்கள் மட்டும் வரவும்

உப்புக்காத்து:
நேற்று இன்னொரு இழையில் ஒளியோவியன் ஐயா ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தார். வெஸ் ஆண்டர்சனின் 'தி லைஃப் அக்வாட்டிக்' படம் பார்த்துச் சிரிப்பு வராதவர்களுக்கு ரசனை இன்னும் வளரவில்லையாம். நான் பதில் எழுதுவதற்குள் நெறியாளர் இழையைப் பூட்டிவிட்டார். பரவாயில்லை, இங்கே பேசுவோம். 2004இல் வந்த படம். பார்க்காதவர்களுக்காகக் கதை: ஸ்டீவ் ஜிஸூ என்று கடல் ஆவணப்படம் எடுக்கிற ஒரு ஆள், பில் மர்ரி நடித்திருக்கிறார். அவருடைய பல வருடக் கூட்டாளி எஸ்தபானை ஒரு சுறா தின்றுவிடுகிறது. அதைப் பழிவாங்கப் பழைய கப்பல் ஒன்றில் படை திரட்டிக்கொண்டு கிளம்புகிறார். படம் முழுக்க சுறா, சுறா, சுறா என்று சொல்லிச் சொல்லி நம்மை உட்காரவைத்துவிட்டு, கடைசியில் காட்டுவது என்ன தெரியுமா? பொம்மை. வெட்டி வெட்டி நகர்கிற பொம்மை! பந்தியில் இலை போட்டு இரண்டு மணி நேரம் காக்கவைத்து மோரை மட்டும் ஊற்றிவிட்டுப் போன மாதிரி இருந்தது. 5 கோடி டாலர் செலவழித்தவர்களுக்கு ஒரு சுறாவை ஒழுங்காகக் காட்டத் துப்பில்லை. நான் கப்பலில் வேலை பார்த்தவன், கடல் எனக்குத் தெரியும். ரசனையைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

ஒளியோவியன்:
பெயர் சொல்லி அழைத்ததால் வந்தேன், இல்லையென்றால் இதற்கெல்லாம் நேரம் கிடையாது. அது துப்பில்லாமல் செய்த சுறா அல்ல. வேண்டுமென்றே அப்படிச் செய்தது. செய்தவர் ஹென்றி செலிக். பொம்மையை நூலளவு நகர்த்தி, ஒரு ஃபிரேம் எடுத்து, மறுபடி நூலளவு நகர்த்தி எடுக்கிற கலையில் உலகத்திலேயே முதல் வரிசை ஆள். படத்தில் வருகிற கடல் உயிரினங்களில் முக்கால்வாசி கற்பனைதான். ஆரம்பத்தில் ஒரு சிறுவன் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து கொடுக்கிற வரிவரியான வண்ணக் கடல்குதிரை, கரையோரம் ஓடுகிற நண்டுகள், எல்லாமே. படத்தில் வருகிற அந்த ராட்சத ஜாகுவார் சுறா எந்தக் கடலிலும் கிடையாது. இல்லாத மீன் நிஜமாக இல்லை என்று குறைப்படுகிற ஒரே ரசிகர் நீங்கள்தான்.

உப்புக்காத்து:
இல்லாத மீன் என்றால் எப்படி வேண்டுமானாலும் செய்துவிடலாமா? டைனோசர்கூடத்தான் இப்போது இல்லை. ஸ்பீல்பெர்க் 1993லேயே அதை நம்பும்படி காட்டிவிட்டார். பதினோரு வருடம் கழித்து வந்த படத்தில் பொம்மை. இதற்குப் பதில் சொல்லுங்கள், செலிக் ஜாதகம் எல்லாம் வேண்டாம்.

நைட்ஷோ:
அதே ஸ்பீல்பெர்க் 1975இல் எடுத்த 'ஜாஸ்' சுறாவும் பொம்மைதான் அண்ணே. இயந்திரப் பொம்மை. உப்புத் தண்ணீரில் இறக்கியதும் மக்கர் பண்ணிப் பண்ணி, வேறு வழியில்லாமல்தான் பாதிப் படத்துக்குச் சுறாவையே கண்ணில் காட்டாமல் ஓட்டினார்கள்.

உப்புக்காத்து:
தம்பி, அது பார்த்தால் பொம்மை மாதிரியா தெரிந்தது? தியேட்டரில் ஜனங்கள் அலறினார்கள். இதைப் பார்த்து யார் அலறினார்கள்? நான் கேட்பது ஒன்றே ஒன்று. 1975லேயே முடிந்தது 2004இல் ஏன் முடியவில்லை?

சுறாப்புட்டு:
நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். கப்பலில் வேலை பார்த்ததாகச் சொன்னீர்களே, சுறாவோடா வேலை? இல்லை, சமையல்கட்டிலா?

உப்புக்காத்து:
உன்னை மாதிரி ஆட்களுக்கு என் வேலைச் சான்றிதழைக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை. போன மாதம் ஒரு படத்தைப் பார்க்காமலே விமர்சனம் எழுதி மாட்டிக்கொண்டது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சுறாப்புட்டு:
டிரெய்லர் பார்த்தேன் என்று அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டேன். அதை இன்னும் எத்தனை நாளைக்கு இழுப்பீர்கள்?

மழைக்குருவி:
கப்பல் சமையல் என்ன கேவலமான வேலையா? இருபது பேர் உயிரோடு கரை சேர்வது அந்த ஆள் கையில் இருக்கிறது. அதைக் கிண்டலாகப் பயன்படுத்துகிறவர்தான் இங்கே நகைச்சுவைக்கு அத்தாரிட்டி. சரி, படத்துக்கு வருகிறேன். எனக்குப் படம் பிடிக்கும். ஆனால் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது, அந்தக் கடற்கொள்ளையர்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று காட்டி, அவர்களில் ஒருவருக்கும் ஒரு முகம், ஒரு குணம் கொடுக்காமல், குளியல் அங்கியோடு ஓடிவருகிற வெள்ளைக்காரக் கிழவர் கைத்துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறார். இதில் கிண்டல் யாரை நோக்கி?

ஒளியோவியன்:
ஹாலிவுட் சாகசப் படங்களைத்தான். ஜிஸூ தன்னை ஹீரோவாக நினைத்துக்கொள்கிற ஆள், அந்த நினைப்பைத்தான் கேலி செய்கிறார்கள். இது புரியவில்லை என்றால்...

மழைக்குருவி:
"புரியவில்லை என்றால்" என்று ஆரம்பிக்காதீர்கள். புரிந்துதான் கேட்கிறேன். கேலி ஜிஸூவை என்றால் குண்டு மட்டும் ஏன் மற்றவர்கள் மேல் படுகிறது?

உப்புக்காத்து:
கொள்ளையர் விஷயம் இருக்கட்டும். அந்தக் காட்சியாவது வேகமாகப் போனது. கப்பலைப் பாருங்கள். குறுக்கே அறுத்து வைத்த செட், ஒவ்வொரு அறையும் திறந்து கிடக்கிறது, கேமரா ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஹாயாக நடந்து போகிறது. எஞ்சின் அறையில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. கப்பலும் பொம்மை, சுறாவும் பொம்மை.

ஒளியோவியன்:
கப்பல் நிஜம். தென்னாப்பிரிக்காவில் வாங்கிய பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல். ரோமில் சினெசிட்டா ஸ்டுடியோவில் போட்ட செட்தான் நீங்கள் சொல்கிற அறுத்த கப்பல். கடல் ஆவணப்படங்கள் எடுத்த பிரெஞ்சுக்காரர் கூஸ்தோவின் 'கலிப்ஸோ'வும் ஒரு காலத்தில் கண்ணிவெடி அகற்றிய கப்பல்தான். படத்துக் கப்பலுக்கு 'பெலஃபான்டே' என்று பெயர் வைத்தார்கள். பாடகர் ஹாரி பெலஃபான்டே 1956இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'கலிப்ஸோ'. இந்த மாதிரி ஒரு சிரிப்பு ஒளித்து வைத்த படத்தில் போய் எண்ணெய்ப் பிசுக்கைத் தேடினால் நான் என்ன செய்ய?

உப்புக்காத்து:
ஆல்பத்தின் பெயர் தெரிந்தால்தான் சிரிக்க முடியும் என்றால் அது காமெடியா, வினாடி வினாவா? கூஸ்தோ என்று ஆரம்பித்துவிட்டீர்கள். அவர் எவ்வளவு பெரிய மனிதர்! அவர் தலையில் இருந்த சிவப்புத் தொப்பியைக் கோமாளிகள் தலையில் மாட்டிவிட்டுக் கடைசியில் அவர் நினைவுக்குச் சமர்ப்பணம் என்று ஒரு கார்டு. செத்த மனிதருக்கு இதுவா மரியாதை?

மழைக்குருவி:
கூஸ்தோவை அப்படி ஒரேயடியாகக் கும்பிடவும் வேண்டாம். 1956இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய அவருடைய 'தி சைலண்ட் வேர்ல்ட்' பாருங்கள். அவர்கள் கப்பலே இடித்து ஒரு திமிங்கலக் குட்டி அடிபடும். அதைத் தின்ன வந்த சுறாக்களை மாலுமிகள் கோடாலியால் வெட்டி வெட்டிப் போடுவார்கள். பவளப்பாறையில் வெடி வைத்து மீன்களைக் கொன்று எண்ணுவார்கள். ஜிஸூவின் பழிவாங்கல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

உப்புக்காத்து:
அதுவாவது நிஜச் சுறா.

சுறாப்புட்டு:
ஹாஹா. ஐயாவுக்குச் சுறா நிஜமாக இருந்தால் போதும், அதை வெட்டினாலும் கவலையில்லை.

நைட்ஷோ:
எல்லோரும் சுறாவிலேயே நிற்கிறீர்கள். டேவிட் போவி பாட்டுகளைப் போர்த்துகீசிய மொழியில், தளத்தில் உட்கார்ந்து கிட்டாரோடு பாடிக்கொண்டே இருப்பாரே சியூ ஜார்ஜ், அதற்காகவே நான் மறுபடி மறுபடி பார்ப்பேன். அப்புறம் அந்தப் பயிற்சி மாணவர்கள். குழுவில் ஆளுக்கொரு கைத்துப்பாக்கி, மாணவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று! அதை பில் மர்ரி முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் சொல்வார். நான் படுத்துச் சிரித்தேன்.

உப்புக்காத்து:
பாட்டு நன்றாக இருந்தது, அதை நான் மறுக்கவே இல்லையே. பாட்டைக் கேட்க ரேடியோ போதும். பில் மர்ரி முகம் அசையவில்லை, வில்லெம் டஃபோ மட்டும் குழந்தை மாதிரி அழுகிறார், மற்றவர்கள் மருந்து சாப்பிட்டவர்கள் மாதிரி மெதுவாகப் பேசுகிறார்கள். ஊரே ஒதுக்கிய படம் இது. 5 கோடி டாலர் போட்டதற்கு உலகம் முழுக்கச் சுமார் 3.5 கோடிதான் வந்தது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டே இரண்டரை நட்சத்திரம்தான் கொடுத்தார்.

ஒளியோவியன்:
ஈபர்ட் போட்டது நாலுக்கு. நாலில் இரண்டரை என்றால் அறுபது சதவீதத்துக்கு மேல். முதல் வகுப்பு.

உப்புக்காத்து:
நம் பல்கலைக்கழகக் கணக்கை அவர் மேல் போடாதீர்கள். பிடித்த படத்துக்கு அவர் மூன்று, மூன்றரை போடுவார். இரண்டரை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சுறாப்புட்டு:
இரண்டரையில் அரை நட்சத்திரம் சுறாவுக்கு.

மழைக்குருவி:
கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மகனாக இருக்கலாம் என்று ஜிஸூ நம்பிய நெட், ஹெலிகாப்டர் விழுந்து செத்துப்போன பிறகு, சின்ன நீர்மூழ்கிக்குள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுறா தலைக்கு மேல் வருகிறது. அதற்குத் தன்னை நினைவிருக்குமா என்று கேட்டுவிட்டு இந்த ஆள் உடைந்துபோகிறார். ஒவ்வொருவராகக் கையை நீட்டி அவர் மேல் வைக்கிறார்கள், அவரைத் திட்டிக்கொண்டே இருந்தவர்கள்கூட. அங்கே போய் சுறா எப்படி நகர்ந்தது என்று பார்த்தேன் என்கிறவரிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

உப்புக்காத்து:
நானும் அதே காட்சியைத்தான் சொல்கிறேன் அம்மா! அழுகை வருகிற நேரம். எனக்கும் வந்திருக்கும். சரியாக அந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பொம்மை திக்கித் திக்கிப் போகிறது. வந்த அழுகை உள்ளே போய்விட்டது. குற்றம் என்னுடையதா, பொம்மையுடையதா?

ஒளியோவியன்:
உங்களுடையதுதான். சந்தேகமே வேண்டாம். எல்லாம் பொம்மையாக இருக்கிற உலகத்தில் அந்த மனிதனின் துக்கம் மட்டும் நிஜம், படமே அதுதான். கணினியில் செய்த சுறாவை அங்கே விட்டிருந்தால் இன்றைக்குப் பார்க்கச் சகிக்காது. 2004 கிராபிக்ஸ் எத்தனை படத்தில் இன்று நிற்கிறது, ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். நேற்று நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை.

உப்புக்காத்து:
மாற்றுங்கள் என்று யார் கெஞ்சினார்கள்? ரசனை வளரவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் படமெடுத்து வைத்திருக்கிறேன். துக்கம் நிஜமாக இருக்கவேண்டும் என்றால் பக்கத்தில் நிற்பதும் நிஜமாக இருக்கவேண்டும், இது நாடகம் போடுகிற பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நைட்ஷோ:
பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கிற பையனும் நிஜ மரம் கிடையாதே அண்ணே.

உப்புக்காத்து:
நீ எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு வா. ஜாஸ் என்று நீதான் இழுத்துவிட்டாய், நான் திருப்பிக் கேட்டதும் பாட்டு, துப்பாக்கி என்று நழுவிவிட்டாய்.

சுறாப்புட்டு:
இந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும்?

உப்புக்காத்து:
பார்த்தவர்கள் மட்டும் வரவும் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். இவ்வளவு நேரம் இதனோடா நான் பேசிக்கொண்டிருந்தேன்? நெறியாளர் கவனிக்கவும்.

ஒளியோவியன்:
பாருங்கள் சுறாப்புட்டு, நல்ல பெரிய திரையில் பாருங்கள். இவர் சொல்வதை மனதில் வைத்துக்கொண்டு மட்டும் பார்க்காதீர்கள்.

உப்புக்காத்து:
தாராளமாகப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வந்து அது பொம்மையா இல்லையா என்று மட்டும் ஒரு வரியில் எழுதட்டும். ஒளியோவியன், 1975இல் முடிந்தது 2004இல் ஏன் முடியவில்லை என்று கேட்டேனே, அதற்கு இன்னும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை.