கனெக்டட் கார் சந்தா: இலவசக் காலம் முடிஞ்சதும் காசு கட்டணுமா?

பின்சீட்டு:
வண்டியோட வந்த இலவச சந்தா அடுத்த மாசம் முடியுது. ரிமோட் லாக், தூரத்துல இருந்தே ஏசி போடறது, வண்டி நிக்கற இடம், லைவ் டிராஃபிக், ஹாட்ஸ்பாட், எஸ்ஓஎஸ் பட்டன் எல்லாம் ஒரே பேக்கேஜ். பெட்ரோல் ஆட்டோமேட்டிக், ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கு. கட்டலைன்னா எதெல்லாம் நிக்கும்? கட்டினா லாபமா?

கிளட்ச்பெடல்:
அந்த வசதி தேவைப்படும்போது நீங்க வண்டிக்குள்ள இருக்கீங்களா, வெளியில இருக்கீங்களான்னு பாருங்க. உள்ள இருந்தா கையில போன் இருக்கு. மேப், டிராஃபிக், பாட்டு, ஹாட்ஸ்பாட் எதுக்கும் ரெண்டாவது தடவை காசு கொடுக்கறது வீண்.

வெளியில இருக்கும்போதுதான் வண்டியோட சொந்த மோடம், அதாவது டிசியூ வேணும். ஆப்ல 'அன்லாக்' தட்டினா அது நேரா வண்டிக்குப் போறதில்ல. கம்பெனி சர்வருக்குப் போய், மொபைல் நெட்வொர்க் வழியா டிசியூவை எழுப்பி, அது கேன் பஸ்ல (வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்கள் பேசிக்கற ஒயர்) சொன்ன பிறகுதான் பூட்டு திறக்கும். சந்தா முடிஞ்சா சர்வர்லயே தடுத்துடுவாங்க, வண்டியில எதுவும் கெட்டுப்போகாது. சாவி பட்டன் வழக்கம்போல வேலை செய்யும். ஆனா அதையும் ஒரு தடவை கேட்டுக்குங்க: 2021-ல அமெரிக்காவுல சில டொயோட்டா மாடல்கள்ல சாவியில இருக்கற ரிமோட் ஸ்டார்ட்டே சந்தாவோட கட்டுண்டிருக்குன்னு தெரிஞ்சு பெரிய சத்தமாச்சு.

ஆம்பியர்:
காசு கட்டியும் வேலை செய்யாத இடங்கள் இருக்கு. அடித்தள பார்க்கிங்ல சிக்னல் இல்லைன்னா மேல சொன்ன சங்கிலி நடுவுலயே அறுந்துடும். வண்டி பல நாள் ஓடாம நின்னா, 12 வோல்ட் பேட்டரியைக் காப்பாத்த டிசியூ ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிடும். பிறகு ஒரு தடவை சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணாதான் ஆப் மறுபடி பேசும்.

கணக்கும் சின்னதுதான். நிறுத்தின வண்டி மொத்தமா 50 மில்லி ஆம்பியர் இழுத்தா நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில பாதி காலியாக 19 நாள் போதும். அடிக்கடி ஆப்பைத் திறந்து லொக்கேஷன் பார்த்தா ஒவ்வொரு தடவையும் வண்டி விழிச்சுக்கும், கணக்கு இன்னும் சுருங்கும்.

சார்ஜ்பிளக்:
பெட்ரோல் வண்டிக்கு கிளட்ச்பெடல் சொன்னது சரி. மின்வண்டிக்கு நான் கட்டச் சொல்லுவேன். பிளக்ல இருக்கும்போதே கேபினைக் குளிர வைக்கறது, சார்ஜ் எவ்வளவு ஏறிச்சுன்னு பார்க்கறது ரெண்டும் தினசரி வேலை. இன்னொண்ணு: பல மாடல்கள்ல வண்டியோட சொந்த நேவிகேஷன்ல ஃபாஸ்ட் சார்ஜரை இலக்கா போட்டாதான் பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும். போன் மேப்ல போனா வண்டிக்கு விஷயமே தெரியாது, குளிர்ல சார்ஜ் மெதுவாத்தான் ஏறும். தனி பட்டன் இருக்கான்னு மெனுவுல தேடுங்க, இருந்தா நேவிகேஷன் சந்தாவையும் விட்டுடலாம்.

கிளட்ச்பெடல்:
எஸ்ஓஎஸ் பத்தி. ஐரோப்பிய ஒன்றியத்துல 2018 மார்ச் 31-க்குப் பிறகு அங்கீகாரம் வாங்கின புது மாடல் கார்கள்ல இகால் (விபத்துல தானா உதவிக்குக் கூப்பிடற வசதி) கட்டாயம், 112 அவசர எண்ணுக்குப் போகும், சந்தா கிடையாது. மத்த இடங்கள்ல பட்டன் கம்பெனி கால்சென்டருக்குப் போகுதுன்னா சந்தாவோட சேர்ந்தே நின்னுடலாம். எழுத்துல கேட்டு வாங்குங்க.

பல வருஷச் சந்தாவை மொத்தமா கட்டாதீங்க. 2022-ல அமெரிக்காவுல 3ஜி நிறுத்தினப்ப நல்லா ஓடிட்டிருந்த பல வண்டிகளோட இணைப்பு செத்துப்போச்சு. திருட்டுக் கண்காணிப்புக்கு மட்டும்னா தனி ஜிபிஎஸ் டிராக்கர் போதும், ஃபியூஸோட ஒயரிங் பண்ணி மறைச்சு வைங்க. ஓபிடி சாக்கெட்ல (மெக்கானிக் ஸ்கேனர் செருகற இடம்) செருகற வகையைத் திருடன் ஒரு நொடியில பிடுங்கிடுவான். சிக்னலை முடக்கற ஜாமர் வெச்சிருந்தா ரெண்டுமே வேலைக்காகாது.

பின்சீட்டு:
அப்ப நான் கட்டல. நிறுத்தறதுக்கு முன்னாடி ஏதாவது செய்யணுமா?

ஆம்பியர்:
ஆட்டோ-ரின்யூவை அணைச்சு, கார்டு விவரத்தை எடுத்துடுங்க. கணக்கு உயிரோட இருக்கும்போதே ஓட்டும் பழக்கத் தரவு பகிர்றதுக்குக் கொடுத்த சம்மதத்தை ஆப்ல ரத்து பண்ணுங்க. சந்தா நின்னா தரவும் தானா நிக்கும்னு அர்த்தமில்ல. ஓட்டுநர் தரவை வித்ததுக்காக 2025 ஜனவரியில ஜெனரல் மோட்டார்ஸ் மேல அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி நடவடிக்கை எடுத்தது. வண்டியை விக்கற அன்னிக்கு ஆப்ல இருந்து வண்டியை நீக்கி, திரையில ஃபேக்டரி ரீசெட்டும் பண்ணுங்க. திரையை மட்டும் அழிச்சா உங்க கணக்கு வண்டியோட ஒட்டிட்டே இருக்கும், வாங்கினவர் சந்தா போட முடியாம உங்களைத்தான் கூப்பிடுவார்.