தக்காளிச் செடி வளர்ச்சி நின்னுபோச்சு, அவசரம்

மொட்டைமாடி: தக்காளி முழங்கால் உயரம்கூட வரல, அப்படியே நின்னுடுச்சு. உச்சியில பூங்கொத்து இருக்கு, அதுக்கு மேல தளிரே இல்ல. பக்கத்துல முளைக்கிறதை எல்லாம் விடாம கிள்ளிட்டுதான் வர்றேன். கீழ் இலை வேற சுருளுது. என்ன போடலாம்?

மண்புழு: என்ன ரகம்? தொட்டி எத்தனை லிட்டர்? வெயில் எவ்வளவு நேரம்? இது தெரியாம எதையும் போடாதீங்க.

காலைவெயில்: சுண்ணாம்புச்சத்து குறைவு. முட்டை ஓட்டைப் பொடிச்சு வேர்ல போடுங்க, சரியாகிடும்.

வேர்முடிச்சு: உரம் என்ன கொடுக்கிறீங்க? தழைச்சத்து கூடினா இலை தடிச்சு சுருளும், பூவும் குறையும்.

கொத்துக்காரர்: இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் பார்த்துட்டு கேட்டிருக்கலாம். உச்சியில் கொத்தோடு முடிந்தால் அது புதர் ரகம். அதன் தண்டு ஓரளவு வளர்ந்ததும் பூவில் முடிந்துவிடும், காய்ப்பு பெரும்பாலும் பக்கக் கிளைகளில்தான். அவற்றைக் கிள்ளினால் விளைச்சலையே கிள்ளியதாக அர்த்தம். கிள்ளுவது கொடி ரகத்துக்கு.

மண்புழு: அண்ணே, புதுசா வர்றவங்களுக்கு எங்கே தெரியும்? மொட்டைமாடி, ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவுல இலையை எண்ணுங்க. ஒன்றிரண்டுதான்னா புதர். மூணு மூணா வந்து நுனி ஓடிக்கிட்டே இருந்தா கொடி.

காலைவெயில்: எந்த ரகமா இருந்தாலும் முட்டை ஓடு கெடுதல் இல்லையே.

வேர்முடிச்சு: கெடுதல் இல்ல, ஆனா இதுக்கு மருந்தும் இல்ல. ஓடு கரைய ரொம்ப நாளாகும். நீங்க நினைக்கிறது காயோட அடி கறுத்து அழுகுறது. அதுவும் பெரும்பாலும் மண்ணுல சுண்ணாம்பு இல்லாததால வர்றதில்ல. அந்தச் சத்து தண்ணியோடதான் மேலே ஏறும், அதுலயும் இலைதான் நிறைய இழுத்துக்கும். தொட்டி ஒருநாள் காய்ஞ்சு மறுநாள் ஊறிக் கிடந்தா காய்க்குப் போய்ச் சேராது.

காலைவெயில்: போட்டவங்களுக்குப் பலன் கிடைச்சிருக்கு, நான் நேர்ல பார்த்திருக்கேன்.

வேர்முடிச்சு: அதே சமயம் தண்ணியையும் ஒழுங்கா விட்டிருப்பாங்க.

மண்புழு: ஓட்டுச் சண்டையைத் தனி இழையில வச்சுக்கலாமே. மொட்டைமாடி, இருக்கீங்களா?

மொட்டைமாடி: பாக்கெட்ல 'குட்டைச் செடி'ன்னு போட்டிருக்கு. 20 லிட்டர் தொட்டி. பக்கத்துத் தொட்டியில இன்னொரு ரகம், அது மேல ஓடிட்டே இருக்கு.

கொத்துக்காரர்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். குட்டையைக் கிள்ளுவதை இன்றோடு நிறுத்துங்கள். மீதிக் கணுக்களிலிருந்து புதுக் கிளை வரும், அடியில் மண்ணைத் தொடும் இலையை மட்டும் எடுங்கள். காய் கனத்தால் கிளை சாயும், சுற்றி மூன்று குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள்.

உயரச் செடிக்கு ஒற்றைத் தண்டு போதும். இலைக்கும் தண்டுக்கும் இடையில் முளைப்பது விரல் நீளம் வருவதற்குள் காலையில் ஒடித்துவிடுங்கள். கத்தி வேண்டாம், ஒரு செடியின் நோய் அடுத்ததற்குப் போகும். ஆளுயரக் குச்சி நட்டு, இலைக்காம்புக்குக் கீழே எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் தண்டு தடிக்கும்போது கயிறு அறுக்கும். ஐந்தாறு கொத்து வந்ததும் கடைசிக் கொத்துக்கு மேல் இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள்.

வேர்முடிச்சு: சுருளுறது பழைய இலையா, தடிப்பா பச்சையா இருக்கா? அப்போ ஒரேயடியா கிள்ளினதும் வெயிலும்தான் காரணம், பயமில்ல. உச்சி இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருண்டா அது வைரஸ். இலையைத் திருப்பி வெள்ளை ஈ இருக்கான்னு பாருங்க. வைரஸ்னா செடியைப் பிடுங்கிடணும், மருந்து கிடையாது.

மொட்டைமாடி: பழைய இலைதான், ஈ இல்ல. கிள்ளுறதை நிறுத்திட்டேன். நன்றி.

காலைவெயில்: முட்டை ஓடு பத்தி தனி இழை போட்டிருக்கேன், அங்கே வாங்க.