டீக்கடையில் பேசிய பேச்சு 'கார்டெல்' (போட்டியாளர்கள் போட்டியைத் தவிர்க்கக் கூடிப் பேசும் உடன்பாடு) ஆகுமா?

மண்டபம் ஐஸ்காரன்:
அப்பா காலத்து ஐஸ் கம்பெனி. அம்மோனியா கம்ப்ரசர் என்னைவிட மூத்தது. கரண்டைக் குடித்துவிட்டு அரைகுறையாக உறைய வைக்கும், ஐஸ் பாரை உடைத்தால் நடுவில் தண்ணீர். வருகிற மீன்பிடித் தடைக்காலத்தில், அந்த 61 நாளில், கம்ப்ரசரை மாற்றி கூரையில் சோலார் போடலாம் என்று இருந்தேன். போன வாரம் ஐந்து கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து பேசினோம். சேர்ந்து வாங்கினால் மலிவு என்றார்கள், சரி. பாருக்கு எல்லோரும் ஒரே அளவு ஏற்றிச் செலவை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். அதற்கும் மேலே, "எல்லோரும் தயாராகும்வரை யாரும் தனியாக மாற்றக்கூடாது" என்றார்கள். அதுதான் உறுத்துகிறது. சட்டம் என்ன சொல்கிறது?

பாம்பன் விசைப்படகு:
அண்ணே, டீசலுக்கே முழி பிதுங்குது. அஞ்சு பேரும் ஒரே ரேட்டுன்னா நாங்க தூத்துக்குடியிலேர்ந்தா ஐஸ் ஏத்திட்டு வரணும்?

பரமக்குடி வக்கீல்:
படகுக்காரர் கேட்டதுதான் சட்டமும் கேட்கும். 2002 போட்டிச் சட்டம், பிரிவு 3. விலை பேசி வைப்பது மட்டுமல்ல, தொழில்நுட்ப வளர்ச்சியையும் முதலீட்டையும் கட்டுப்படுத்தும் உடன்பாடும் அதில் வரும். எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, டீக்கடைப் பேச்சே போதும். சேர்ந்து வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிக்குச் சட்டமே இடம் விட்டிருக்கிறது.

உங்களை உறுத்திய விஷயத்துக்கு நேர் உதாரணம் ஐரோப்பாவில் உண்டு. டீசல் கார் புகையைச் சட்டம் கேட்டதைவிடச் சுத்தமாக்கத் தொழில்நுட்பம் இருந்தும், அதில் போட்டி போடாமல் இருக்க டெய்ம்லர், பி.எம்.டபிள்யூ., ஃபோக்ஸ்வாகன் குழுமம் மூன்றும் பேசிக்கொண்டன. 2021-ல் சுமார் 87.5 கோடி யூரோ அபராதம். டெய்ம்லர் முதலில் காட்டிக்கொடுத்ததால் தப்பியது. (நம் ஊரிலும் அந்தச் சலுகை உண்டு, ஐந்து பேரில் யார் முந்துவாரோ!) ஒரே அளவு ஏற்றுவதற்கும் முன்கதை இருக்கிறது. சலவைத்தூள் பொட்டலத்தைச் சிறிதாக்கும் சுற்றுச்சூழல் திட்டத்துக்காகக் கூடியவர்கள் அந்தச் சாக்கில் விலையையும் பேசினார்கள், 2011-ல் 31.5 கோடி யூரோ.

மண்டபம் ஐஸ்காரன்:
நன்றி சார். நேற்று சொல்லிவிட்டேன்: சோலாருக்கு மட்டும் சேர்ந்து கொட்டேஷன், ரேட் அவரவர் பாடு, கம்ப்ரசரை நான் காத்திராமல் மாற்றப்போகிறேன். ஒருத்தர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பாம்பன் விசைப்படகு:
சனிக்கிழமைக்கு நாற்பது பார் எடுத்து வைங்கண்ணே. ரேட்டை எனக்கு மட்டும் போன்ல சொல்லுங்க, உங்க சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல வேண்டாம்.