பின்னடைவா, பின்வாங்கலா, பின்னகர்வா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களத்தை வைத்து அமைந்த போர் வியூகக் கணினி விளையாட்டைத் தமிழாக்குகையில், படையை அழியவிடாமல் முன்கூட்டியே விலக்கிக்கொள்ளும் கட்டளைக்குப் 'பின்னடைவு' என்று இடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. பின்னடைவு நமக்கு நேர்வது. இங்கே வேண்டியதோ, ஆடுபவர் தாமே எண்ணி எடுக்கும் முடிவுக்கான பெயர். 'பின்வாங்கல்' அதைவிடப் பொருந்தும் என்றாலும், கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குகிற கூச்சம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'தந்திரோபாயப் பின்வாங்கல்' ஈழத்து வழக்கில் பழகியதே; ஆயினும் பொத்தானில் அடங்காது. மேலும், களத்து உத்தியைத் தந்திரோபாயம் என்றும் போர் முழுவதற்குமான திட்டத்தை மூலோபாயம் என்றும் அங்கே பிரிப்பதால், ஒரு தீவையே கைவிடும் முடிவுக்கு அந்த அடைமொழி பொருந்தாது.

486ஆம் குறளில், தாக்குவதற்காகக் காலைப் பின்வைக்கும் ஆட்டுக்கடாவின் அசைவை வள்ளுவர் 'பேரும்' என்கிறார். அதைக்கொண்டு 'பின்பெயர்வு' என அமைத்துப் பார்த்தேன். உரக்கச் சொன்னால் யாருக்கோ குடும்பப் பெயர் மாறியதுபோல் ஒலிக்கிறது. தவிர, அந்தக் கடா திரும்பி முட்டியே தீரும். 1943 ஜூலை 29 அன்று, மூடுபனி மறைவில், ஒரு மணி நேரத்துக்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கப்பலேற்றி, அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளில் ஒன்றான கிஸ்காவை விட்டு அகன்ற ஜப்பானியர் திரும்பி வரவே இல்லை. ஆகஸ்ட் 15 முதல் அங்கே இறங்கிய அமெரிக்க, கனடியப் படையினர் பலர், ஆளில்லாத தீவில் தவறுதலாகத் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டும் கண்ணிவெடிகளில் சிக்கியும் உயிரிழந்தனர்.

இதற்கு நேர்மாறு பிலிப்பைன்ஸின் பத்தான் தீபகற்பம். அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் படைகள் 1942 ஜனவரித் தொடக்கத்தில் அதற்குள் ஒழுங்காகவே நகர்ந்து சேர்ந்தன, உணவுதான் சேரவில்லை. கபனாத்துவான் கிடங்கில் இருந்த நெல்லை எடுத்துச்செல்ல முடியாமல்போக, ஜனவரியிலேயே வழக்கமான அளவில் பாதி உணவோடு தொடங்கிய படை ஏப்ரல் 9 அன்று சரணடைந்தது. நகர்வில் குறையில்லை, ஏற்பாட்டில்தான் குறை. ஆகவே, வெற்றியையோ இழிவையோ முன்கூட்டியே சொல்லிவிடாத 'பின்னகர்வு' என்பதையே முன்மொழிகிறேன். சண்டையில் தோற்று விரட்டப்படும் நிலைக்கு 'பின்தள்ளல்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம். விளையாட்டில் இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள்.

புதிதாக ஆடுபவர்கள் படையைக் காப்பாற்றிய மகிழ்ச்சியில் விட்டுவந்த விமான ஓடுபாதையை மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்திருக்கிறேன். 1941 டிசம்பரில் வட மலாயாவில் கைவிடப்பட்ட விமானத்தளங்களை ஜப்பானியர் உடனே தமதாக்கிக்கொண்டதுபோல, விளையாட்டிலும் நாம் விட்டுவந்த தளத்திலிருந்தே அடுத்த குண்டுவீச்சு புறப்படும். எனவே பொத்தானில் 'பின்னகர்க' என்றும், அதன் விளக்கக் குறிப்பில் 'படை தப்பும். விமானத்தளம் எதிரி வசமாகலாம். சேருமிடத்தில் உணவிருப்பைச் சரிபார்க்கவும்' என்றும் இடலாம். 'தளம்' என்பதா, இடம் என்ற பொருளில் 'தானம்' என்பதா என்பதை ஈழத்து நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.