3 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டினால் 746 ஜிபி மட்டும் காட்டுகிறது. என்ன செய்வது?

செந்தூல் மகள்:
வணக்கம். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. டிவி2-இல் வரும் தமிழ் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்தால், விடுமுறை நாளில் உட்கார்ந்து பார்ப்பார். ஆண்டெனா பெட்டியில் மாட்டியிருந்த 500 ஜிபி டிஸ்க் நிறைந்துவிட்டது. அதில் பத்துமலை தைப்பூச நேரலை இருக்கிறது, பாட்டியோடு சேர்ந்து பார்த்தது. எதையும் அழிக்க அப்பா சம்மதிக்க மாட்டார். சரி என்று லோயாட் பிளாசாவில் 3 டிபி டிஸ்க் வாங்கினேன், தனி அடாப்டரோடு வரும் பெரிய வகை. பெட்டி அதை 746 ஜிபி என்கிறது. கணினியில் முழு அளவும் தெரிகிறது. போலி டிஸ்க்கை வாங்கிவிட்டேனா?

பட்டர்வொர்த் அண்ணன்:
இல்லை தங்கச்சி, டிஸ்க் நல்ல டிஸ்க்தான். அந்த 746-ஐப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. டிஸ்க்கில் இடத்தை 512 பைட் துண்டுகளாக எண்ணுவார்கள். பழைய பெட்டிகள் அந்த எண்ணை 32 பிட்டில் வைக்கின்றன. 2 டிபியைக் கொஞ்சம் தாண்டியதும் அது நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 1000-க்குப் பதில் 1024-ஆல் பெருக்கி எண்ணும் கணினிக் கணக்கில் உங்கள் டிஸ்க் 2794 ஜிபி. அதில் 2048 போனால் மீதி 746.

வழி இருக்கிறது. கணினியில் டிஸ்க்கை எம்பிஆர் முறைக்கு (டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்று குறித்து வைக்கும் பழைய முறை) மாற்றி, 2048 ஜிபிக்கு ஒரே பார்டிஷன், அதாவது ஒரே பிரிவு, போடுங்கள். மீதியை அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு பெட்டியில் ஃபார்மட் செய்து பாருங்கள். பார்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்யும் பெட்டியாக இருந்தால் 2 டிபி கிடைக்கும். முழு டிஸ்க்கையும் அழித்துப் புதிதாக எழுதும் பெட்டி என்றால் மறுபடி 746-தான் வரும். அப்போது இதைக் கணினிக்கு வைத்துக்கொண்டு, பெட்டிக்கு 2 டிபி டிஸ்க் வாங்குவதுதான் நல்லது.

ஒன்றை மறக்காதீர்கள். பழைய 500 ஜிபி டிஸ்க்கைக் கணினியில் செருகினால், ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கலாம். சரி என்று அழுத்திவிடாதீர்கள், பாட்டியோடு பார்த்த தைப்பூசம் போய்விடும்.

ஜெலுத்தோங் அக்கா:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளம்மா. பல பெட்டிகள் பதிவைப் பூட்டித்தான் எழுதும். அந்தப் பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாது. எங்கள் வீட்டில் பெட்டி கெட்டுப்போனது. டிஸ்க் நன்றாக இருந்தும் இரண்டு தீபாவளி நிகழ்ச்சிகள் போய்விட்டன. இன்றும் மனசு ஆறவில்லை. பெட்டி நன்றாக இருக்கும்போதே ஒரு பதிவைக் கணினியில் ஓட்டிப் பார். ஓடினால் நகல் எடுத்து வை.

தனி அடாப்டர் உள்ள டிஸ்க் வாங்கியது நல்லதே. சின்ன டிஸ்க் யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுக்கும். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்க அது போதாவிட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும், பதிவு பாதியில் நிற்கும்.

செந்தூல் மகள்:
அண்ணா, அக்கா, மிக்க நன்றி. நேற்றிரவு எம்பிஆருக்கு மாற்றி 2048 போட்டேன். பெட்டி ஏற்றுக்கொண்டது. ஒரு மணி நேரப் பதிவுக்கு எங்கள் பெட்டியில் ஏறக்குறைய 3 ஜிபி ஆகிறது, இனி அறுநூறு மணி நேரத்துக்கு மேல் இடம் இருக்கிறது. பழைய டிஸ்க்கில் ஒரு பதிவைக் கணினியில் ஓட்டினேன், படமும் ஒலியும் வந்தன! தைப்பூசப் பதிவு இப்போது நகலாகிக்கொண்டிருக்கிறது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.