கயிற்றை இழுக்கும் நாயை எப்படிப் பழக்குவது?

வணக்கம் உறவுகளே. இரணைமடுக் குளத்துக்கு அண்மையில் இருக்கிறோம். எங்கள் மணி ஊர் நாய், ஒன்றரை வயது. வளவுக்குள் அவனைப் போலச் சாதுவான பிள்ளை கிடையாது. படலையைத் திறந்ததும் மாடு, மயில், உழவு இயந்திரம் எதைக் கண்டாலும் பாய்கிறான். கடந்த கிழமை வாய்க்கால் கரையில் அவன் இழுத்த இழுப்பில் அம்மா விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. ஏ9 வீதியில் கயிறு கை நழுவினால் என்ன ஆகும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

வெயில் ஏறினால் தார் வீதி பாதத்தைச் சுடும் என்பதால் காலை 6 மணிக்கே கூட்டிப்போகிறேன். மாடுகள் மேய்ச்சலுக்குப் புறப்படுவதும் அப்போதுதான். இழுத்தால் முன்னே போகலாம் என்று அவன் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காக, கயிறு இறுகியதும் அசையாமல் நிற்கிறேன். தளர்ந்தால்தான் அடுத்த அடி. பக்கத்தில் நடந்தால் அவித்த முட்டைத் துண்டு. வளவுக்குள் இரண்டு கிழமையில் அழகாகப் பழகிவிட்டான். வெளியே மாட்டைக் கண்டால் முட்டையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எவ்வளவு தூரத்தில் நிறுத்திப் பழக்கத் தொடங்கலாம்?

சுருக்குச் சங்கிலி போட்டு வெட்டி இழுக்கும்படி அயலவர்கள் சொல்கிறார்கள். அது குரல்வளையை நெரிக்கும். எனக்கு மனம் வரவில்லை. முன்பக்கம் வளையம் உள்ள மார்புப் பட்டி கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமா? மாடுகள் திரியும் ஊரில் நாய் பழக்கியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.